கம்பெனியின் சட்ட மேசை: சட்டத்துறைகள் வளர்ந்த வரலாறும் நம் இளைஞர் தேர்வும்

1925ஆம் ஆண்டு ஜூன் முதல் 1928ஆம் ஆண்டு மார்ச் வரை, பம்பாய் நகரில் கணக்கியல் பயிற்சி அளித்துவந்த பாட்லிபாய் நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரையாளர் ஒருவர் வணிகச் சட்டம் கற்பித்துவந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்று, கிரேஸ் இன் என்னும் சட்ட விடுதியின் வழியாகப் பாரிஸ்டர் ஆனவர் அவர். ரூபாயின் சிக்கல் குறித்து அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1923ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. இத்தகைய பேரறிஞர், கணக்கர் பயிற்சி மாணவர்க்கு ஒப்பந்தமும் உண்டியலும் பங்குரிமையும் விளக்கி, அதற்குக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு இல்லம் நடத்தினார். அந்த ஆண்டுகளுக்கு இடையேதான், 1927 மார்ச் 20ஆம் நாள், மகாட் நகரின் சவுதார்க் குளத்தில் அவர் தம் மக்களோடு இறங்கி நீர் பருகினார். அவர் அண்ணல் அம்பேத்கர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மகாட் குளத்தை நாம் அனைவரும் அறிவோம். வணிகச் சட்ட வகுப்பறையை நம்மில் அறிந்தோர் சிலரே. அவ்வகுப்பறை ஏன் தேவைப்பட்டது என்று ஆராய்ந்தால், இக்கட்டுரையின் பொருள் தானே விளங்கும். அக்காலப் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூலவழக்குப் பிரிவில், பாரிஸ்டர் ஒருவர் கட்சிக்காரரிடமிருந்து நேரே வழக்குப் பெறுதல் இயலாது. சாலிசிட்டர் என்போர் இடையே இருந்தனர். பெருவணிகரின் வழக்குகள் அவர்கள் கைவழியே பாரிஸ்டர்களைச் சென்றடையும். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒருவரிடம் வழக்கைக் கொடுக்கச் சாலிசிட்டர்கள் முன்வரவில்லை. அண்ணலின் அறிவில் குறையில்லை. அறிவைக் கட்சிக்காரரிடம் கொண்டுசேர்க்கும் பாலத்தில்தான் சாதி நின்றது.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளிலும் அப்பாலம் முற்றிலும் திறந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. கடந்த சில ஆண்டுகளாக நம் மாலை வகுப்புகளுக்கு வரும் சட்ட மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, எந்தச் சட்டத்தைச் சிறப்பாகப் படித்தால் பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவில் நல்ல சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்?” என்பதே அது. சங்கத்தின் பெரியோர் சிலர் இக்கேள்வியைக் கேட்டு முகம் சுளித்ததுண்டு. சட்டம் படிப்பது சம்பளத்துக்கா, சமுதாயத்துக்கா என்பது அவர்கள் வாதம். என் கருத்து வேறு. கேள்வி நேர்மையானது; அதற்கு வரலாறு தெளிவான விடை தருகிறது. அவ்விடையை முறைப்படுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்றாவது அறை

நம் முன்னோர் சட்டக் கல்விக்கு இரு பயன்களையே கண்டனர். ஒன்று நீதிமன்றம்; மற்றொன்று அரசுப் பணி. இரு வழியிலும் நம்மவர் உயர்ந்தனர். சென்னை நகர மேயராக 1945ஆம் ஆண்டில் விளங்கிய என். சிவராஜ் அவர்கள் வழக்கறிஞராகவும் சென்னைச் சட்டக் கல்லூரி ஆசிரியராகவும் இருந்தவர். ஜோலார்பேட்டையில் பிறந்த நீதிபதி ஏ. வரதராஜன் அவர்கள் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அம்மன்றத்தில் அமர்ந்த முதல் அட்டவணை வகுப்பு நீதிபதி அவரே. கே. ஜி. பாலகிருஷ்ணன் அவர்கள் 2007லும், பி. ஆர். கவாய் அவர்கள் 2025லும் தலைமை நீதிபதி பதவியை ஏற்றனர்.

இவ்விரு வழிகளுக்கு அப்பால் மூன்றாவது அறை ஒன்று உண்டு. அதுவே நிறுவனச் சட்ட ஆலோசகரின் அறை. கம்பெனி ஒன்றின் முழுநேர ஊழியராக அமர்ந்து, அதன் ஒப்பந்தங்களை வரைந்து, சட்டக் கடமைகளைக் கணக்கிட்டு, வழக்கு எழுமுன் தடுப்பதும், எழுந்தபின் வெளி வழக்கறிஞரைக் கொண்டு நடத்துவிப்பதும் அவர் தொழில். லா ஆபீசர் என்றும், லீகல் மேனேஜர் என்றும், உச்சியில் ஜெனரல் கவுன்சில் என்றும் அவரை அழைப்பர்.

உலக அளவில் இப்பதவியைப் பெருமளவில் வளர்த்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க இரயில் கம்பெனிகளாம். நிலம் வாங்குதல், விபத்து இழப்பீடு, கட்டண ஒழுங்குமுறை ஆகியவை அவற்றுக்கு நாள்தோறும் எழுந்த சட்டச் சிக்கல்கள். நாள்தோறும் தேவைப்படும் ஒருவரை வெளியே வைத்திருப்பதைவிட உள்ளே வைத்திருப்பது சிக்கனம் என அவை கண்டன. இச்சிறு உண்மையை வாசகர் மனத்திற் கொள்க. எந்தச் சட்டத்துறை உள்ளே அழைக்கப்படும், எது வெளியே நிறுத்தப்படும் என்பதற்கான அளவுகோல் இதில்தான் இருக்கிறது.

இவ்வறைக்குள் நுழைவதற்கு ஒரு விலையும் உண்டு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி 49, முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் புரிதலைத் தடை செய்கிறது. இமாசலப் பிரதேச மின் வாரியச் சட்ட அலுவலர் ஒருவரின் வழக்கில், 2001ஆம் ஆண்டில், உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதி செய்தது. ஆகவே கம்பெனியில் சேர்பவர் அதனைத் தம் மாநில வழக்கறிஞர் மன்றத்துக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைத்தல் வேண்டும். வழக்கறிஞர்களிலிருந்து மாவட்ட நீதிபதியாகத் தேர்வு பெற, அரசியலமைப்பின் 233ஆம் பிரிவு ஏழாண்டுத் தொழில் அனுபவத்தைக் கோருகிறது. கம்பெனியில் கழித்த ஆண்டுகளை அக்கணக்கில் சேர்த்துவிடலாம் என எண்ணுதல் ஆகாது. நீதிபதி இருக்கையை நாடும் இளைஞர் இதனை முன்கூட்டியே அறிந்து முடிவு செய்க.

முதல் துறை: தொழிலாளர் சட்டம்

இந்தியாவில் கம்பெனிகள் சட்டம் அறிந்த ஊழியரைத் தேடத் தொடங்கியதற்குத் தொழிலாளர் சட்டம் ஒரு முதன்மைக் காரணமாகும். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கரே. பின்னர் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தன.

தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் ஒரு விசித்திரம் இருந்தது. தொழில் தீர்ப்பாயத்தில் ஒரு தரப்புக்காக வழக்கறிஞர் தோன்ற வேண்டுமாயின், எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். பணமுள்ள முதலாளி பெரிய வழக்கறிஞரை அமர்த்தி ஏழைத் தொழிலாளியை நசுக்கிவிடலாகாது என்பதே அதன் கருத்து. விளைவு என்ன? வெளி வழக்கறிஞரை நம்ப முடியாத கம்பெனிகள், சட்டம் படித்தவரைத் தம் ஊழியராகவே அமர்த்தின. அத்தகைய ஊழியர், தொழில் நடத்தும் வழக்கறிஞராக இல்லாதவரையில், சட்டப் பட்டம் பெற்றவர் என்பதற்காக மட்டும் தடுக்கப்படமாட்டார் என 1976ஆம் ஆண்டு பாரதீப் துறைமுகப் பொறுப்புக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு சட்டப் பிரிவின் ஒரு நிபந்தனை, ஒரு தொழிலையே வளர்த்த கதை இது.

இன்று அச்சட்டம் பழைய பெயரில் இல்லை. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக ஒருங்கிணைக்கப்பட்டு, அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. இவ்வாறு பழையது கலைந்து புதியது தொடங்கும் காலத்தில், இருபதாண்டு அனுபவம் உடையவரும் புதிதாகவே படிக்க வேண்டியிருக்கும். இளைஞர்க்கு இது நல்வாய்ப்பு. கூலித் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவனுக்கு வருகைப் பதிவேடும் ஒப்பந்தக்காரரும் வைப்புநிதியும் புத்தகச் செய்திகள் அல்ல.

அனுமதிச் சீட்டுகளின் காலம்

விடுதலைக்குப் பின் இரண்டாம் அலை எழுந்தது. 1956ல் கம்பெனிச் சட்டமும், 1961ல் வருமான வரிச் சட்டமும் இயற்றப்பட்டன. 1969ல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. பல கம்பெனிகளை ஒரே குடும்பத்தார் நிர்வகித்துவந்த மேனேஜிங் ஏஜென்சி முறை 1970 ஏப்ரலில் ஒழிந்தது. 1973ல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரம் வாங்கவும் ஆலையை விரிவாக்கவும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவும் கம்பெனிக்கு அனுமதி தேவைப்பட்டது. விதி அறிந்து, படிவம் நிரப்பி, புதுடெல்லி அலுவலகங்களுக்கு விடையளிக்க வல்லவர் மதிப்புப் பெற்றனர். கம்பெனிச் செயலர் தொழிலும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டமுறைத் தகுதி பெற்றது. சட்டப் பட்டத்துடன் கம்பெனிச் செயலர் தேர்வையும் முடித்தவர் இயக்குநர் குழுக் கூட்டத்திலேயே அமரலாயினர்.

ஆயினும் அக்காலத் தனியார் கம்பெனிகளில் இப்பதவிகள் பெரும்பாலும் அறிமுகத்தின் வழியே நிரப்பப்பட்டன. விளம்பரம் செய்து தேர்வு வைப்பது அரிதாயிருந்தது. சாலிசிட்டரின் பாலத்தில் நின்ற சாதி, கம்பெனி வாயிலிலும் நின்றது.

நமக்குத் திறந்த முதற்கதவு

நம் மக்களுக்கு இவ்வறையைத் திறந்துவிட்டது அரசுடைமையே. 1956ல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாயிற்று. 1969 ஜூலை 19ஆம் நாள் 14 வங்கிகளும், 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகளும் அரசுடைமையாயின. இடையில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுக் காப்பீடும் அரசு வசமாயிற்று. இந்நிறுவனங்களில் அட்டவணை வகுப்பினர்க்கு 15 விழுக்காடு என்னும் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. விளம்பரம், எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்னும் முறையும் உடன்வந்தது.

இதனை எழுதும் அடியேனும் அக்கதவின் வழியே நுழைந்தவனே. சட்டப் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கட்டுகளைச் சுமந்தேன். பேருந்துச் செலவுக்கும் வீட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. என் தந்தையார் வயல் வேலையிலிருந்து திரும்பி, அன்று ஏதேனும் கிடைத்ததா என்று ஒருபோதும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குப் பெருஞ்சுமையாயிற்று. பின்னர் ஓர் அரசுடைமை வங்கியின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்தது. முதற்சம்பளத்தில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். முதல் தலைமுறை வழக்கறிஞர்க்கு வருவாயற்ற காத்திருப்புக் காலமே பெரும்பகை என்பதை வாழ்ந்து அறிந்தேன். இளம் வழக்கறிஞர்க்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஊர்ப்புறங்களில் 15,000 ரூபாயும் குறைந்தளவு உதவித்தொகையாக அளிக்கலாம் என இந்திய வழக்கறிஞர் மன்றம் பரிந்துரைத்தது 2024ஆம் ஆண்டில்தான். அதுவும் பரிந்துரையே.

வங்கியில் யாங்கள் கற்றது அடமானமும் உரிமை ஆவணச் சரிபார்ப்பும் கடன் மீட்பும் ஆகும். 1993ல் கடன் மீட்புத் தீர்ப்பாயச் சட்டமும், 2002ல் நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வகைசெய்யும் சர்பேசி சட்டமும், 2016ல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பும் வந்தபோது, இவ்வறிவின் விலை உயர்ந்தது. உடன் பணியாற்றியோர் சிலரைத் தனியார் வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் அதிக ஊதியம் தந்து அழைத்துக்கொண்டன. அழைத்தவர்கள் எங்கள் ஊரையோ தெருவையோ கேட்கவில்லை. எத்தனை மீட்பு வழக்குகளைக் கையாண்டீர் என்றே கேட்டனர். தேவை மிகும்போது அறிமுகத்தின் வலிமை குறைகிறது. இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் வரலாற்றுப் பாடம் இதுவே.

ஆனால் அம்முதற்கதவு இன்று ஒடுங்கிவருகிறது. 2017ஆம் ஆண்டில் 27 ஆக இருந்த அரசுடைமை வங்கிகள், இணைப்புகளால் 2020 ஏப்ரலில் 12 ஆயின. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியார் கைக்கு மாறியது. ஒரு நிறுவனம் தனியாரிடம் செல்லும்போது அதன் சட்டப் பிரிவின் இடஒதுக்கீடும் உடன் மறைகிறது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் சட்ட அலுவலர் தேர்வு இன்னும் நமக்கு நல்ல வாயிலே. எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

1991க்குப் பின்

1991ஆம் ஆண்டின் பொருளாதாரக் கொள்கை மாற்றத்தால் அனுமதிச் சீட்டுகளின் காலம் முடிந்தது. ஒப்பந்தங்களின் காலம் பிறந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்றது. 1996ல் நடுவர் தீர்ப்புச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அந்நியச் செலாவணியைக் குற்றவியல் நோக்கில் கண்ட பழைய சட்டத்தின் இடத்தில், 1999ஆம் ஆண்டின் மேலாண்மைச் சட்டம் வந்தது. வணிகப் போட்டிச் சட்டம் 2002ல் இயற்றப்பட்டு, அதன் முக்கியப் பிரிவுகள் 2009லும், கம்பெனி இணைப்புகளைப் பற்றியவை 2011லும் உயிர் பெற்றன. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றுள் இரு நிகழ்ச்சிகளைத் தனியே எடுத்துரைத்தல் பயன் தரும். முதலாவது மருந்துக் காப்புரிமை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கே தந்தது. உலக வணிக அமைப்பின் உடன்பாட்டை ஒட்டி, 2005 ஜனவரி முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. உடனே மருந்துக் கம்பெனிகளுக்கு வேதியியலும் சட்டமும் ஒருங்கே அறிந்தோர் தேவைப்பட்டனர். அத்தகையோர் அக்காலத்தில் மிகச் சிலரே. புற்றுநோய் மருந்து ஒன்றின் காப்புரிமையை மறுத்து, 2013 ஏப்ரல் முதல் நாள் நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படிப்போர், அறிவியல் அறிவின்றி இத்துறையில் ஒரு பக்கமும் நகர இயலாது என்பதை உணர்வர். நம் மாணவருள் வேதியியலோ உயிரியலோ பயின்றபின் சட்டத்துக்கு வருவோர், முன்னைய பட்டத்தை வீண் என்று கருத வேண்டா. காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் மட்டும் உடையோர் அதை எழுத இயலாது.

இரண்டாவது தகவல் தொழில்நுட்பம். வெளிநாட்டுக் கட்சிக்காரர்க்குச் சேவை விற்கும் மென்பொருள் கம்பெனிக்கு ஒவ்வொரு வேலையும் ஓர் ஒப்பந்தம். பொறுப்பின் வரம்பு, இரகசியக் காப்பு, அறிவுச் சொத்து யாருடையது என்பன போன்ற நிபந்தனைகளை நாள்தோறும் வரைந்து பேரம் பேச ஆள் வேண்டும். சென்னை, பெங்களூர், ஐதராபாத் நகரங்களில் நிறுவனச் சட்டப் பணி பெருகியதற்கு இஃதொரு காரணமாகும். 2023ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியிடப்பட்டன. தொழில் தகராறுச் சட்டம் 1947லும், மருந்துக் காப்புரிமை 2005லும் இருந்த நிலையில் இச்சட்டம் இன்று இருக்கிறது. நிபுணர் இன்னும் உருவாகாத துறையில் முதலில் நுழைபவரே நாளை நிபுணர்.

தேர்வுக்குரிய நான்கு கேள்விகள்

இவ்வரலாற்றைக் கொண்டு, துறை தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு.

முதற்கேள்வி: இச்சட்டம் கம்பெனிக்கு நாள்தோறும் தேவையா? குற்றவியல், குடும்பச் சட்டம், உயர்நீதிமன்ற வாதம் ஆகியவை உயர்ந்த துறைகளே. ஆனால் அவை கம்பெனிக்கு எப்போதோ ஒருமுறை தேவைப்படுவன. அப்போது வெளி வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும். ஒப்பந்தம், கம்பெனிச் சட்டம், வரி, தொழிலாளர் சட்டம், தரவுப் பாதுகாப்பு ஆகியவை நாள்தோறும் வருவன.

இரண்டாம் கேள்வி: இதில் தவறினால் கம்பெனிக்கு நேரும் கேடு எத்தகையது? சிறு அபராதத்தோடு முடியும் துறைக்குச் சிறு ஊதியமே. உரிமம் பறிபோகும், பங்குச் சந்தையில் பெயர் கெடும், மருந்து விற்க முடியாமற்போகும் என்னும் அச்சம் உள்ள துறைக்கே பெரிய ஊதியம்.

மூன்றாம் கேள்வி: இவ்வறிவு ஒரு தொழிலிலிருந்து மற்றொரு தொழிலுக்குப் பெயருமா? ஒப்பந்தம் வரையத் தெரிந்தவர் ஆலையிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து மென்பொருள் கம்பெனிக்கும் செல்லலாம். மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற தனித்துறை ஒழுங்குமுறைச் சட்டம் அறிந்தவர்க்கு அத்துறைக்குள் மதிப்பு மிகுதி, வெளியே குறைவு. எனவே ஒப்பந்தத்தை அடித்தளமாக்கி, அதன்மேல் ஒரு தனித்துறைச் சட்டத்தைக் கட்டுவதே அறிவுடைமை.

நான்காம் கேள்வி: என்னிடம் ஏற்கனவே உள்ளது என்ன? அறிவியல் பட்டம் உள்ளவர் காப்புரிமையையும், வணிகவியல் பயின்றவர் வரியையும் கம்பெனிச் செயலர் தேர்வையும், தொழிலாளர் வாழ்வை அறிந்தவர் தொழிலாளர் சட்டத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பிறர் விட்டுச்சென்ற இடத்தைத் தேடுவதினும், தம் கைப்பொருளிலிருந்து தொடங்குதல் நன்று.

பலர் முதலில் மூன்று நான்கு ஆண்டுகள் சட்ட நிறுவனம் ஒன்றிலோ, வணிக வழக்குகள் நடத்தும் மூத்தவரிடமோ பயின்று, பிறகே கம்பெனிக்குச் செல்கின்றனர். அம்முறை வேலையின் இருபுறத்தையும் காட்டுகிறது. ஆனால் அவ்வாண்டுகளைத் தாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை என்பதை அடியேன் நன்கறிவேன்.

சங்கத்தின் கடமை

1944ஆம் ஆண்டில் அட்டவணை வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அன்றுமுதல் கல்லூரி வாயில் படிப்படியாகத் திறந்துவந்தது. 1988ல் பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளியில் முதல் மாணவர் அணி சேர்ந்தது. ஐந்தாண்டு சட்டப் படிப்பு புதிய மதிப்புப் பெற்றது. சென்னையில் அண்ணல் பெயராலேயே சட்டப் பல்கலைக்கழகமும், திருச்சிராப்பள்ளியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் பின்னர்த் தோன்றின. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் நம்மவர்க்கு 18 விழுக்காடு இடம் உண்டு. 2009 முதல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு.

கல்லூரிக்குள் நுழைய ஒதுக்கீடு உண்டு. தனியார் கம்பெனிக்குள் நுழைய இல்லை. பெரிய கம்பெனிகளும் சட்ட நிறுவனங்களும் ஒரு சில கல்லூரிகளின் வளாகத்துக்கே சென்று ஆள் எடுக்கின்றன. மாவட்டச் சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் மாணவர் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவது சங்கம் செய்யத்தக்க பணி. விடுமுறையில் சென்னையில் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்க்குத் தங்கும் இடமும் உணவும். கம்பெனிச் செயலர் தேர்வுக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன். வாரம் ஒருமுறை ஆங்கிலத்தில் ஒப்பந்தம் வரையும் பயிற்சி. பணியிலுள்ள நம் சட்ட அலுவலர்களின் பெயர்ப் பட்டியல். இந்நான்கும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. அறிமுகம் என்னும் பாலம் பிறர்க்குப் பிறப்பால் கிடைக்கிறது. நமக்கு அதனைச் சங்கம் கட்டித்தர வேண்டும்.

ஒரு நிபந்தனையின் கதை

இறுதியாக, பெரியோர் எழுப்பிய ஐயத்துக்கு வருவோம். கம்பெனிச் சம்பளம் வாங்குபவர் தம் மக்களை மறப்பாரா என்பது அவ்வையம். மறப்போரும் உண்டு, அது எத்தொழிலிலும் உண்டு. ஆனால் அம்மேசையில் அமர்ந்தவர் கையில் எத்தகைய ஆற்றல் உள்ளது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடை செய்தது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இறந்தபின் வரும் நீதி இது. இறங்குமுன் வரும் நீதி எங்கே எழுதப்படுகிறது? அலுவலகம் ஒன்று துப்புரவு ஒப்பந்தக்காரரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் எழுதப்படுகிறது.

அடியேன் பணியின் இறுதி ஆண்டுகளில் அத்தகைய உடன்படிக்கை வரைவு ஒன்று என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு பக்கம். தரை துடைத்தல், கண்ணாடி துடைத்தல் என நீண்ட பணிப் பட்டியலின் கடைசியில், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்தல் என்று இரண்டே சொற்கள் அளவில் ஒரு வரி. அதனடியில், எவ்விபத்துக்கும் ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்றொரு நிபந்தனை. பல ஆண்டுகளாக அதே வரைவு பல கிளைகளுக்குச் சென்றிருந்தது. எவரும் அவ்வரியை நின்று படித்ததில்லை. எனக்கு மட்டும் அவ்வரியில் என் சிற்றப்பாவின் முகம் தெரிந்தது. அதனை அடித்தேன். தொட்டியை இயந்திரத்தாலன்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாகாது என்றும், மீறினால் உடன்படிக்கை முறியும் என்றும், கூலி நிலுவையானால் வங்கியே கொடுத்துப் பின்னர்க் கழித்துக்கொள்ளும் என்றும் எழுதினேன். சட்டத்தின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டிருந்தமையால் மேலதிகாரி மறுப்பின்றிக் கையெழுத்திட்டார். அது செய்தித்தாளில் வரவில்லை. எவரும் பாராட்டவும் இல்லை. அடுத்த ஆண்டு முதல் எல்லாக் கிளைகளுக்கும் புதிய வரைவே சென்றது.

நல்ல சம்பளம் தரும் துறை எது என்று கேட்கும் மாணவனை நான் கடிந்துகொள்வதில்லை. ஒப்பந்தச் சட்டத்திலிருந்து தொடங்கு தம்பி, என்றே சொல்கிறேன்.